ஃபியூஸ் மாற்றும் முன்: எஸ்எம்பிஎஸ் கேள்வி–பதில்

மழை ஓய்ந்த கையோடு மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பவர் சப்ளை பற்றியவை. செட்-டாப் பாக்ஸ் அடாப்டர், கடை போர்டுக்கான எல்இடி சப்ளை, கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் என்று பெயர்தான் வேறு, எல்லாமே எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் சப்ளை) வகை, உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். அதனால் இந்த இதழில் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பழைய டேப் ரெக்கார்டர் எலிமினேட்டர் செங்கல் மாதிரி கனக்கும். இப்போதைய 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டரோ உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. அதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாதா?
— வாசகர், தாராவி 90 அடி ரோடு

இருக்கிறது. ஆனால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் வேலை செய்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் காந்தப்புலம் வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு முறையும் அது சுமக்க வேண்டிய சக்தி குறையும். மூட்டையை வண்டியில் ஒரே தடவையில் ஏற்றாமல் கூடை கூடையாக, ஆனால் மிக வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போல. 50 ஹெர்ட்ஸில் 60 வாட் கொடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ இரும்புத் தகடும் செம்பும் வேண்டும். அதே 60 வாட்டை 65 கிலோ ஹெர்ட்ஸில், அதாவது 1300 மடங்கு வேகத்தில் கொடுக்க, தீப்பெட்டி அளவு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) போதும்.

உள்ளே வரிசை இப்படிப் போகும். 230 வோல்ட் ஏசி முதலில் ஃபியூஸைத் தாண்டுகிறது. பிறகு வட்டப் பொத்தான் போன்ற இரண்டு பாகங்கள். ஒன்று வேரிஸ்டர்: மின்சாரத்தில் திடீர் எழுச்சி வந்தால் தன்னைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். மற்றொன்று என்டிசி: குளிர்ந்திருக்கும்போது சுமார் 5 ஓம் காட்டும், பிளக் போட்டவுடன் பாயும் முதல் கரண்டை மட்டுப்படுத்தும். அடுத்து நான்கு டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கொண்ட பிரிட்ஜ். அங்கே ஏசி டிசியாக மாறி, பெரிய கெப்பாசிட்டரில் போய் நிற்கிறது. நிற்பது 230 வோல்ட் அல்ல, அதை 1.414 ஆல் பெருக்கிய உச்ச அளவு, 325 வோல்ட். இந்த எண்ணை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள், பக்கம் முழுக்க வரும்.

அந்த 325 வோல்ட்டை மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. எப்போது வெட்டுவது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று சொல்வது பிடபிள்யூஎம் ஐசி. மாஸ்ஃபெட் ஆன் ஆனதும் டிரான்ஸ்ஃபார்மரில் சக்தி ஏறும். ஆஃப் ஆனதும் அந்தச் சக்தி மறுபக்கச் சுற்று வழியாக வெளியே வந்து, அவுட்புட் டையோடைத் தாண்டி, அவுட்புட் கெப்பாசிட்டரில் 12 வோல்ட்டாகச் சேரும். 12க்கு மேல் ஏறுகிறதா என்று டிஎல்431 என்ற மூன்று கால் ஐசி பார்த்துக்கொண்டே இருக்கும். ஏறினால் ஆப்டோகப்ளரின் விளக்கை எரியவிட்டு, வெளிச்சம் மூலமாகவே மறுகரைக்குத் தகவல் அனுப்பும். கம்பித் தொடர்பு இல்லாமல் வெளிச்சத்தால் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்தப் பக்கம் உங்கள் கை படும் 12 வோல்ட், அந்தப் பக்கம் ஆளைக் கொல்லும் 325 வோல்ட். போர்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு போல செம்பே இல்லாத இடைவெளி தெரியும். டிரான்ஸ்ஃபார்மர், ஆப்டோகப்ளர், ஒரு நீல நிறச் சிறு கெப்பாசிட்டர், இவை மூன்று மட்டும்தான் அந்த ஆற்றைக் கடக்கும்.

பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றினேன், அப்படியும் ஷாக் அடித்தது. எப்படி?
— மாணவி, செம்பூர்

பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் நின்றிருக்கிறது. சப்ளை ஓடாமல் செத்துக் கிடந்தால் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அதைச் செலவழிக்க உள்ளே யாரும் இல்லை. 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நின்றால் அது 5 ஜூல் சக்தி. பிளக்கைப் பிடுங்கிப் பல நிமிடம் கழித்தும் அது அங்கேயே இருக்கக்கூடும்.

ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் தொட்டுப் 'பட்'டென்று வெடிக்க விடுவது பல பட்டறைகளில் பழக்கம். வேண்டாம். கெப்பாசிட்டரின் உள் இணைப்பு கெடும், போர்டுத் தடம் எரியும், தீப்பொறி கண்ணில் படும். 10 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை வாங்குங்கள். இரண்டு பக்கமும் நல்ல உறையுள்ள வயரைப் பற்றவைத்து, ஈயப் பற்றின் மேல் ஸ்லீவ் ஏற்றி, நுனியில் உறையுள்ள ப்ரோப் மாட்டிக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியபின் கெப்பாசிட்டரின் இரு காலிலும் வைத்துப் பிடியுங்கள். 100 மைக்ரோ ஃபாரட்டுக்கு 5 வினாடி போதும், 220 என்றால் 11 வினாடி. பிறகு மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் நிலையில் வைத்து அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். ஒவ்வொரு முறை பிளக் போட்டு எடுத்த பிறகும் இதை முதலிலிருந்து செய்ய வேண்டும். பத்தாவது முறை சலித்துப்போய் விடும்போதுதான் அடிபடும்.

கல்லூரியில் ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் உள்ளுக்குள் எர்த் பின்னோடு சேர்ந்திருக்கும். அதை 325 வோல்ட் பக்கத்தின் மைனஸில் மாட்டினால் நேரடி ஷார்ட்: கிளிப் உருகும், பிரிட்ஜ் வெடிக்கும். அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமானால் சப்ளைக்கு 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (வோல்டேஜை மாற்றாமல் வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்துவைப்பது) வைத்தாக வேண்டும். ஸ்கோப்பின் எர்த் பின்னை உடைத்துவிட்டு வேலை பார்ப்பது குற்றத்துக்குச் சமம், அப்போது ஸ்கோப்பின் உலோக உடம்பே 325 வோல்ட்டில் நிற்கும்.

கடைப் பலகைக்கான 12 வோல்ட் சப்ளையில் ஃபியூஸ் போனது. மாற்றினேன், போட்டவுடன் 'டப்'. மறுபடி மாற்றினேன், மறுபடி 'டப்'. கெட்டியான ஃபியூஸ் போடலாமா?
— கடைக்காரர், சயான்

கூடாது. ஃபியூஸ் நோயல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அடையாளம். 3.15 ஆம்பியர் போட்டிருந்த இடத்தில் 10 போட்டாலோ, செம்புக் கம்பி சுற்றினாலோ அடுத்து எரிவது போர்டு, அதற்கடுத்து பலகை.

போன ஃபியூஸின் கண்ணாடியைப் பாருங்கள். உட்புறம் கறுத்தோ வெள்ளிப்பூச்சு படிந்தோ இருந்தால் பெரிய ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் அமைதியாக அறுந்திருந்தால் ஓவர்லோடோ ஃபியூஸின் வயதோ காரணம். உங்களுக்கு முதல் வகைதான். எனவே பிளக்கே போடாமல், கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து இந்த வரிசையில் போங்கள்.

முதலில் வேரிஸ்டர். வெடித்தோ கறுத்தோ இருந்தால் கழற்றிவிட்டு மேலே போகலாம். சப்ளை அது இல்லாமலும் ஓடும், ஆனால் கடைசியில் புதிதாக ஒன்று போட்டே தீர வேண்டும். அடுத்து பிரிட்ஜின் நான்கு டையோடையும் ஒவ்வொன்றாக: ஒரு திசையில் 0.5 முதல் 0.6, எதிர்த்திசையில் ஏறிக்கொண்டே போய் 'ஓஎல்' (கரண்ட் போக வழியில்லை என்று மீட்டர் சொல்வது). இரு திசையிலும் பூஜ்யம் என்றால் அது போய்விட்டது. அடுத்து மாஸ்ஃபெட். அதன் டிரெயின், சோர்ஸ் என்ற இரு கால்களுக்கும் நடுவே ஒரு திசையில் 0.4 – 0.6 காட்டும், அது அதன் உடலோடு பிறந்த டையோடு. எதிர்த்திசையிலும் பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் ஷார்ட். மறுபடி மறுபடி ஃபியூஸ் போகும் சப்ளைகளில் பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் அகப்படும்.

இனிதான் முக்கியமான இடம். மாஸ்ஃபெட் தனியாகச் சாவதில்லை. 325 வோல்ட் அதன் கேட் (ஆன், ஆஃப் கட்டளை வரும் கால்) வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்து துணைக்கு ஆட்களை இழுத்துக்கொண்டு போகும். சோர்ஸுக்குக் கீழே இருக்கும் 0.22 முதல் 1 ஓம் வரையிலான சென்ஸ் ரெசிஸ்டர் (கரண்டை அளக்க உதவுவது) அறுந்திருக்கும். கேட்டில் இருக்கும் 10 – 47 ஓம் ரெசிஸ்டர் போயிருக்கும். பிடபிள்யூஎம் ஐசியும் பெரும்பாலும் போயிருக்கும், சில நேரம் ஆப்டோகப்ளரும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றிவிட்டு பிளக் போட்டால் புது மாஸ்ஃபெட் கண் இமைப்பதற்குள் போய்விடும். நான்கையும் ஒரே தடவையில் மாற்றுவதுதான் கடைசியில் சிக்கனம். அதோடு டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் 100 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர், எஃப்ஆர்107 டையோடு, சிறு கெப்பாசிட்டர் ஆகிய மூன்றையும் அளந்துவிடுங்கள். மாஸ்ஃபெட் அணையும்போது எழும் வோல்டேஜ் உச்சியை விழுங்குவது இவைதான். இந்த ரெசிஸ்டரோ டையோடோ அறுந்துபோனதால்தான் பழைய மாஸ்ஃபெட் செத்தது என்றால், புதியதும் அதே வழியில் போகும்.

மாற்றும் மாஸ்ஃபெட் 600 வோல்ட் என்றால் 600 அல்லது 650, கரண்ட் அதே அளவோ சற்றுக் கூடவோ இருக்கலாம். உலோக முதுகுள்ள வகை என்றால் அந்த முதுகே டிரெயின். மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைக்காமல் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) முடுக்கினால், அந்த ஹீட்சிங்க் பெட்டியைத் தொடும் இடத்தில் பெட்டி முழுக்க லைவ் ஆகிவிடும்.

எல்லாம் மாற்றிய பிறகும் நேராக பிளக் போடாதீர்கள். அடுத்த பதிலைப் பாருங்கள்.

சீரிஸ் பல்பு வைத்து டெஸ்ட் செய்யச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது? 9 வாட் எல்இடி பல்பு போதுமா?
— வாசகர், ஆன்டாப் ஹில்

எல்இடி உதவாது, சிஎஃப்எல்லும் உதவாது. இரண்டுக்குள்ளும் தனி எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் அவை எளிய ரெசிஸ்டராக நடந்துகொள்ளாது. இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். அடாப்டர் வகைகளுக்கு 60 வாட், கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 100 அல்லது 200 வாட்.

ஒரு மரப்பலகையில் ஹோல்டர், ஸ்விட்ச், மூன்று பின் சாக்கெட். லைவ் வயர் ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து பல்புக்குப் போய், பல்பின் மறு முனையிலிருந்து சாக்கெட்டின் லைவுக்கு வர வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்கு. அவ்வளவுதான். சப்ளைக்குள் ஷார்ட் இருந்தால் கரண்ட் பல்பின் அளவைத் தாண்டாது: பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். எல்லாம் சரியென்றால் பெரிய கெப்பாசிட்டர் நிறையும் ஒரு கணம் பளிச்சென்று மின்னி, பிறகு அணைந்துபோகும் அல்லது மிக மங்கலாகும். அடங்காமல் விட்டுவிட்டு மின்னினால் சப்ளை ஸ்டார்ட் ஆக முயன்று தோற்கிறது. அவுட்புட்டில் லோடு இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். பல்பு வழியாக முழு லோடு எடுக்க முடியாது என்பதால் அந்த மின்னல் எப்போதும் கோளாறின் அடையாளம் ஆகாது.

எலக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்குபவர் மல்டிமீட்டருக்கும் முன்னால் செய்துகொள்ள வேண்டிய கருவி இந்தப் பலகை.

சிசிடிவி சப்ளை இரண்டு வருடமாக இரவு பகலாக ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு உயிரே வரவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் இருக்கிறது.
— வாசகர், முலுண்ட்

'ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போய் வந்ததும் ஸ்டார்ட் ஆகவில்லை' என்ற உங்கள் வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. பிடபிள்யூஎம் ஐசிக்கு முதல் உயிர் கொடுப்பது 325 வோல்ட்டிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கசிந்து வரும் சிறு கரண்ட். அது ஒரு குட்டிக் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பும். நிரம்பியதும் ஐசி விழித்துக்கொள்ளும். அதன் பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் துணைச் சுற்று ஐசிக்குச் சாப்பாடு போடும். ஆகவே ஓடும்வரை ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் அறுந்ததோ குட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்ததோ வெளியே தெரியாது. ஒரு முறை நின்ற பிறகுதான் குட்டு உடையும்.

யூசி3842 ஐசியை எடுத்துக்கொள்வோம். 7ஆம் கால் சப்ளை, 5ஆம் கால் மைனஸ். அது விழிக்க 16 வோல்ட் வேண்டும், 10க்குக் கீழே இறங்கினால் தூங்கிவிடும். பிளக் போடும் முன்பே மீட்டரின் கறுப்பு முனையை க்ரோக்கடைல் கிளிப்பால் 5ஆம் காலின் தடத்தில் மாட்டிவிட்டு, பிளக் போட்ட பிறகு ஒரு கையால் மட்டும் சிவப்பு முனையை 7இல் வையுங்கள். மறு கை பையில் இருக்கட்டும்.

பூஜ்யம் காட்டினால் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, காலி செய்து, அளந்து பாருங்கள். 150 கிலோ ஓம் முதல் 1 மெகா ஓம் வரை, ஒன்றாகவோ இரண்டு மூன்று தொடராகவோ இருக்கும். தொடராகப் போடுவதில் அர்த்தம் உண்டு: சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் தாங்கக்கூடியது பொதுவாக 250 வோல்ட், 1206 அளவு எஸ்எம்டி (போர்டின் மேலேயே பற்றவைக்கும் குட்டி வகை) 200 வோல்ட். ஒற்றை ரெசிஸ்டர் மேல் 325ஐயும் சுமத்திய சப்ளைகளில் அது ஒரு நாள் அறுவது இயல்பு. மாற்றும்போது மதிப்பைப் பாதியாக்கி இரண்டைத் தொடராகப் போட்டுவிடுங்கள், அடுத்த முறை அந்த இடத்துக்குப் போக வேண்டியிராது.

10க்கும் 16க்கும் நடுவே முள் ஏறி ஏறி இறங்கினால் ரெசிஸ்டர் நல்லது, ஐசியும் உயிரோடு இருக்கிறது; கையிருப்புச் சாப்பாடுதான் போதவில்லை. 22 அல்லது 47 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் குட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். ஹீட்சிங்குக்கு ஒட்டினாற்போல் வைத்தே பல கம்பெனிகள் அதைக் கொல்கின்றன. அணைத்துவிட்டு ஹேர் டிரையரால் அந்தக் கெப்பாசிட்டரைச் சற்றுச் சூடாக்கி, பிறகு பிளக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், அதுதான். இரண்டு வருடம் இரவு பகலாக ஓடியது என்கிறீர்கள், எனவே உங்கள் சப்ளையில் அளப்பதற்கு முன்பே இதை மாற்றச் சொல்வோம்.

5, 6 வோல்ட்டில் அசையாமல் நின்றால் ஐசியோ, அதற்கு இணையாக உள்ள ஜீனரோ (வோல்டேஜ் ஏறாமல் காக்கும் டையோடு) கரண்டை விழுங்குகிறது.

'டிக்… டிக்… டிக்…' என்று சத்தம், எல்இடி ஸ்ட்ரிப் மினுக்கி மினுக்கி அணைகிறது. சப்ளை 12 வோல்ட் 5 ஆம்பியர், ஸ்ட்ரிப் 5 மீட்டர். புது சப்ளையிலும் இதே கதை.
— தையல் கடை, குர்லா

புது சப்ளையிலும் என்றால் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப் ஒரு மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும். 5 மீட்டர் 72 வாட், அதாவது 6 ஆம்பியர். உங்கள் சப்ளை கொடுப்பது 60 வாட். அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, மறுபடி முயன்று, மறுபடி அணைகிறது. அந்த முயற்சிதான் 'டிக்'. சப்ளையை 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 72 வாட்டுக்கு 90 வேண்டும். கடையில் 100 வாட், 8.5 ஆம்பியர் என்று கேளுங்கள்.

ஸ்ட்ரிப்பைக் கழற்றிய பிறகும் டிக் நிற்காத சப்ளை உள்ளவர்கள் அவுட்புட் டையோடை அளக்க வேண்டும். ஹீட்சிங்கில் மூன்று காலோடு, நடுக்கால் பொதுவாக இருக்கும் ஷாட்கி (வேகமான டையோடு வகை) அது. ஒரு திசையில் 0.15 – 0.3, மறு திசையில் 'ஓஎல்' காட்ட வேண்டும். போர்டிலேயே வைத்து அளந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று ஏமாற்றும், ஒரு பக்கக் காலையாவது தூக்கிவிட்டு அளங்கள்.

அவுட்புட் டையோடுக்குப் பதில் 1என்4007 டையோடு நான்கை இணையாகப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் புகை.
— வாசகர், மாட்டுங்கா லேபர் கேம்ப்

ஆம்பியர் போதாதது பிரச்சினையே அல்ல, வேகம் போதாது. 1என்4007 வினாடிக்கு 50 முறை திறந்து மூடப் பிறந்தது. 65 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சுற்று முடிவது 15 மைக்ரோ வினாடியில். மூடு என்று சொன்ன பிறகு அது மூடவே பல மைக்ரோ வினாடி எடுக்கும். அத்தனை நேரமும் கரண்ட் தலைகீழாகப் பாய்ந்து அதைச் சுடும். எம்பிஆர்20100 போன்ற 100 வோல்ட் ஷாட்கி போடுங்கள். 12 வோல்ட் வெளியே வரும் இடத்துக்கு 100 எதற்கு என்று தோன்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் விகிதம் 6க்கு 1 என்றால், மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது அந்த டையோடு மேல் விழுவது 325ஐ 6 ஆல் வகுத்த 54, அதோடு 12, ஆக 66 வோல்ட். 40 வோல்ட் ஷாட்கி முதல் நொடியிலேயே போய்விடும்.

அடாப்டரைத் தனியாக அளந்தால் 12.1 வோல்ட், அச்சுப் பிசகாமல் வருகிறது. செட்-டாப் பாக்ஸில் மாட்டினால் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் அதிகம்.
— வாசகி, டோம்பிவிலி

லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜை நம்பவே கூடாது. கார் ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு கிடைக்கும். அதை மாட்டினால் 1.75 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டருக்குச் சரியான பரிசோதனை. இழை குளிர்ந்திருக்கும்போது அதிகம் இழுப்பதால் முதலில் ஓரிரு டிக் வரலாம். எரியும்போது 11.4க்குக் கீழே இறங்கினால் அடாப்டர் தோற்றது.

அடுத்து அதே இடத்தில் மீட்டரை ஏசி நிலையில் வைத்துப் பாருங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவுட்புட் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று அர்த்தம். சில மலிவு மீட்டர்கள் டிசியையே ஏசி என்று காட்டும் என்பதால் முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை ஏசி நிலையில் அளந்துவிடுங்கள்; பூஜ்யம் காட்டாத மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சொல்லவே வேண்டாம். உப்பாமலும் சாகும். உள்ளிருக்கும் திரவம் காய்ந்து அதன் உள்தடை (இஎஸ்ஆர்) ஏறிவிடும். நல்ல நிலையில் 0.05 ஓமுக்குள் இருப்பது பல மடங்கு ஆகிவிடும். சாதாரணக் கெப்பாசிட்டன்ஸ் மீட்டரில் 1000 மைக்ரோ ஃபாரட் என்றே காட்டிப் பலரை ஏமாற்றியிருக்கிறது. வெப்பம்தான் அதற்கு எமன். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று அச்சிட்டது 10 டிகிரி குறையக் குறைய இரட்டிப்பாகும்: 95இல் 4000, 85இல் 8000, 65இல் 32,000. டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் செட்-டாப் பாக்ஸின் மேலேயே அடாப்டரைப் படுக்கவைப்பவர்கள் அதன் ஆயுளைத் தாங்களே பாதியாக்குகிறார்கள்.

மழைக்காலத்தில் அதிகமாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து போர்டில் படிந்த தூசியை மின்சாரம் கடத்தும் படலமாக மாற்றிவிடும், கால்களில் பச்சை பூக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு கழுவி, முழுக்கக் காயவிட்டு, வளையம் போல் விரிசல் விட்ட ஈயப் பற்றுகளை மறுபடி உருக்கிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் கால்களில்தான் டிரை சால்டர் அதிகம் வரும்.

கெப்பாசிட்டர் வாங்க கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போகும்போது 'லோ இஎஸ்ஆர், 105 டிகிரி, 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட்' என்று முழுதாகக் கேளுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோங்கள், விட்டமும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். கால்கள் நீளமாக, ஈயம் படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்றி எடுத்த பழைய சரக்கும் சந்தையில் உண்டு. போடும்போது கோடு உள்ள பக்கம் மைனஸ்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டி மூடிய பிளாஸ்டிக் அடாப்டரை உடைத்துத் திறந்தால் மறுபடி அது பழையபடி மூடாது. இன்சுலேஷன் டேப் சுற்றிக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் போடாதீர்கள். பழகுவதற்காகத் திறங்கள், வீட்டில் ஓட்டுவதற்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

12 வோல்ட் சப்ளை 17 வோல்ட் கொடுக்கிறது. எங்கே தொடங்குவது?
— வாசகர், பாண்டுப்

அதில் எதையும் மாட்டாதீர்கள், மாட்டிய சாதனம் எரியும். டிஎல்431இன் ரெஃபரன்ஸ் காலை 12 வோல்ட் பக்கத்து மைனஸை வைத்து அளங்கள். அங்கே 2.5 வோல்ட் இருப்பதுதான் முறை. 17 வெளியே வரும்போதும் 2.5க்குக் குறைவாகக் காட்டினால், அவுட்புட் பிளஸ்ஸிலிருந்து அந்தக் காலுக்கு வரும் ரெசிஸ்டரின் மதிப்பு ஏறிவிட்டது. 2.5ஐத் தாண்டியிருந்து, கேத்தோடு (ஆப்டோகப்ளரோடு சேரும் கால்) 2 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால் டிஎல்431 கத்திக்கொண்டுதான் இருக்கிறது, ஆப்டோகப்ளருக்குக் காது கேட்கவில்லை, அந்த ஆப்டோகப்ளரை (பிசி817) மாற்றுங்கள். ரெஃபரன்ஸ் தாண்டியும் கேத்தோடு உயரத்திலேயே நின்றால் டிஎல்431 போய்விட்டது. இந்த இரண்டு பாகமுமே இல்லாத மலிவு சார்ஜர்களில் துணைச் சுற்றின் குட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்தாலே அவுட்புட் ஏறும்.

கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஆன் செய்து பார்ப்பது எப்படி?
— வாசகர், கல்யாண்

24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் இணையுங்கள். அதற்கு முன்பே ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஸ்டாண்ட்பை (அணைத்திருக்கும்போதும் ஓடும்) பகுதிதான் கோளாறு, பச்சையைத் தொட்டுப் பயனில்லை. ஆன் ஆனதும் மஞ்சள் 11.4 – 12.6, சிவப்பு 4.75 – 5.25, ஆரஞ்சு 3.14 – 3.47, சாம்பல் நிறம் 5 வோல்ட் அளவில். மேலே சொன்ன 21 வாட் பல்பை மஞ்சளில் மாட்டிவிட்டே அளங்கள்.

லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் சுர்ரென்கிறது. சார்ஜரைக் கழற்றினால் இல்லை. குழந்தைக்கு ஆபத்தா?
— இல்லத்தரசி, மாட்டுங்கா

முதல் பதிலில் ஆற்றைக் கடக்கும் நீலக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சொன்னோம். ரேடியோ இரைச்சலை அடக்க அது வேண்டும். 2.2 நானோ ஃபாரட் என்றால் அதன் வழியே கசிவது அதிகபட்சம் 0.16 மில்லி ஆம்பியர். எர்த் இல்லாத சாதனங்களுக்கு அனுமதித்த 0.25க்கு இது உள்ளேதான். தோல் உணரும், ஆனால் தீங்கு செய்யாது.

ஆனால் உங்கள் சார்ஜரில் கசிவது அந்தக் கெப்பாசிட்டர் வழியாக மட்டும்தானா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். பழகிய எலக்ட்ரீஷியனிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள்: லேப்டாப்பில் மாட்டாத சார்ஜரின் அவுட்புட் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, அதன் குறுக்கே ஏசி வோல்டேஜ் அளக்க வேண்டும். பிளக்கைத் திருப்பிப் போட முடிந்தால் இரு விதமாகவும் பார்க்கட்டும். ரெசிஸ்டர் இல்லாமல் 100 வோல்ட் காட்டியது 25க்குக் கீழே விழுந்துவிட்டால் பயமில்லை. விழாமல் உயரத்திலேயே நின்றால் உள்ளே காப்பு போய்விட்டது. அந்தச் சார்ஜரை அன்றே வயரை வெட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து உபயோகிக்காதபடி.

மூன்று பின் சார்ஜராக இருந்தும் சுர்ரென்றால் சாக்கெட்டில் எர்த் இல்லை. பழைய சால் (வரிசையாகச் சிறு அறைகள் கொண்ட) கட்டடங்களில் இது சகஜம். அதற்காக எர்த் பின்னை நியூட்ரலோடு இணைத்துவிடுவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கேயாவது நியூட்ரல் வயர் ஒன்று அறுந்தால் அந்த நொடியே லேப்டாப், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். மீட்டர் பெட்டியிலிருந்து தனி எர்த் வயர் இழுப்பதுதான் வழி. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் மின்சாரத்தை அணைக்கும் ஸ்விட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள்.